வாக்குறுதியும் பதவியும்

வரலாறு என்றவுடன் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஒருவர் உயர் பதவியை எவ்வாறு அடைந்தார் என்பதை ஏடுகள் விரித்துரைக்கும். எதன் பொருட்டு அதனைத் துறந்தார் என்பதைச் சில ஏடுகளே கூறும். அத்தகைய துறவு ஒன்றை மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

அமெரிக்க நாட்டுத் தென் கரோலினா மாநிலத்தின் தலைநகர் கொலம்பியா. அங்கே 1923-ஆம் ஆண்டில் வேதாகமக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவரின் மைந்தரே இராபர்ட்சன் மெக்குயில்கின். அவர் 1948-இல் மியூரியல் என்னும் நங்கையை மணந்தார். இருவரும் ஜப்பானில் 12 ஆண்டுகள் கிறிஸ்தவத் தொண்டாற்றினர். 1968-இல், தந்தையார் வகித்த தலைமைப் பொறுப்பு மைந்தரை வந்தடைந்தது. மியூரியல் அம்மையாரும் ஓவியம் தீட்டுதல், விருந்தோம்பல், வானொலியில் உரையாற்றுதல் ஆகியவற்றில் சிறந்து விளங்கினார்.

1978-இல் அம்மையார், சற்று முன்னர்க் கூறிய கதையையே மீண்டும் கூறினார்.  1981-இல் மருத்துவர்கள் அல்சைமர் நோய் என்று அறுதியிட்டனர். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விளக்கிக் காட்டிய நோய் இது. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிய, நினைவும் சொல்லும் செயலும் ஒவ்வொன்றாக நீங்கும். இதனை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை.

கணவர் அருகிலிருந்தால் அம்மையார் அமைதியுற்றிருப்பார். இல்லையெனில் அச்சம் கொள்வார். வீட்டில் துணைக்கு ஒருவரை அமர்த்தியும் பயனில்லை. கல்லூரிக்குச் சென்று திரும்ப ஒரு மைல் தொலைவு. கணவரைத் தேடி ஒரு நாளில் 10 முறை வரையிலும் அவர் நடந்ததுண்டு. ஓர் இரவு அவருக்கு உடை மாற்ற உதவுகையில், பாதங்களில் குருதி கசிந்திருக்கக் கணவர் கண்டார்.

இறைப்பணி பெரிதா, இல்லறக் கடமை பெரிதா? மனைவியை ஒரு காப்பகத்தில் சேர்த்துப் பணியைத் தொடர்க என்று நண்பர் சிலர் அறிவுரை கூறினர். விவிலியத்தை நன்கு கற்றவராதலின், இறைவனுக்கே முதலிடம் என்பதை அவர் மறந்தாரல்லர். எனினும், இறைவன் முன்னிலையில் அளித்த திருமண வாக்குறுதியை நிறைவேற்றுவதும் அவ்விறைவனுக்குக் கீழ்ப்படிதலே என்று தெளிந்தார். 1990-இல், ஓய்வுக் காலம் வருமுன்னரே பதவி விலகினார்.

அவர் இதனைத் தியாகம் என்று கருதவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் தம்மைப் பேணியவரைப் பேணுதல் நேர்மையே என்றார். அத்துடன் அன்பினாலேயே செய்கின்றேன் என்றும் உரைத்தார். நோயுற்ற கணவரைப் பெண்கள் பெரும்பாலும் கைவிடுவதில்லை, மனைவியின் அருகில் நிலைத்து நிற்கும் ஆடவரோ மிகச் சிலர் என்று புற்றுநோய் மருத்துவர் ஒருவர் அவரிடம் கூறினாராம். ஆண் மாணவர்கள் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேச்சும் நடையும் நீங்கிய பின்னரும் கணவரின் கையால் உணவுண்டு வாழ்ந்த அம்மையார் 2003-இல் மறைந்தார். மெக்குயில்கின் 2016-இல் காலமானார்.

எல்லாராலும் இவ்வாறு செய்ய இயலாது. பொருள் வசதியும் உடல் நலமும் இல்லாதோர் பிறர் உதவியை நாடுவது குற்றமன்று. ஆயினும் ஒன்று உறுதி. கல்லூரிக்கு வேறொரு தலைவர் கிடைத்தார்; அச்சமுற்ற மியூரியலின் மனம் தேடியதோ ஒருவரைத்தான். பிறரால் நிரப்பவொண்ணாத இடம் எது என்று அறிந்து அங்கே நிற்பதே கடமையாகும்.