சாந்தி சுவரூப்பும் செய்தித் தெலுங்கும்

ஐதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977 அக்டோபர் 23 அன்று தொடங்கப்பட்டது. ஆயினும் அதில் தெலுங்குச் செய்தியறிக்கை இடம்பெற மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1983 நவம்பர் 14 அன்று அம்முதல் அறிக்கையை வாசித்தவர் சாந்தி சுவரூப். 2011இல் ஓய்வு பெறும்வரை தூர்தர்ஷனிலேயே பணியாற்றிய அவர், 2024 ஏப்ரல் 5 அன்று காலமானார்.

வாசிக்க வேண்டிய வரிகளைக் கண்ணெதிரே ஓட்டிக்காட்டும் டெலிபிராம்ப்டர் தொடக்க ஆண்டுகளில் அங்கே இல்லை. தாளில் இருந்த செய்தியை மனனம் செய்து, கேமராவை நேர்நோக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இது பெரும்பாலும் அவருடைய நினைவாற்றலுக்குச் சான்றாகவே பேசப்படுகிறது. மொழி வரலாற்றிலும் இதற்கு ஓர் இடமுண்டு.

மனனம் செய்து சொல்லப்படும் வாக்கியம் பேச்சின் போக்கிற்கு நெருக்கமாக இருப்பின் நாவில் எளிதில் நிற்கும். தெலுங்கில் அத்தகைய நடை முன்னரே உருவாகியிருந்தது. கிடுகு ராமமூர்த்தி (1863–1940) முன்னின்று நடத்திய வழக்குமொழி இயக்கத்தின் பயனாக, 'செப்பிரி' என்னும் பழைய இலக்கிய வடிவம் விலகி, 'செப்பாரு' என்னும் பேச்சு வடிவமே எழுத்திலும் நிலைபெற்றது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கப்பட்டது. அங்கே தமிழ்ச் செய்தி 'கூறினார்' என்னும் எழுத்து வடிவிலேயே ஒலித்தது. தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் சித்தூர், திருப்பதி மக்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படக்கூடியது.

எனினும், செய்தியில் ஏறிய அப்பேச்சு யாருடைய பேச்சு? கிருஷ்ணா, குண்டூர், கோதாவரி மாவட்டங்களின் கற்றோர் வழக்கே பொதுத் தெலுங்கின் அடித்தளமாயிற்று. தெலங்கானா வழக்கும் ராயலசீமை வழக்கும் அதற்கு வெளியே நின்றன. அதே 1980களில் திருப்பதி வட்டாரத்தைச் சேர்ந்த நாமினி சுப்ரமண்யம் நாயுடு சித்தூர்த் தெலுங்கிலேயே கதைகள் எழுதி வாசகரிடையே புகழ்பெற்றார். வட்டார வழக்கு அச்சில் பெற்ற அந்த இடத்தைச் செய்தியறிக்கையில் பெறவில்லை.

ஆகவே முதல் செய்தி வாசிப்பாளரின் பணிவாழ்வை இரு கோணங்களில் ஆராய வேண்டும். பேச்சுமொழி அதிகாரபூர்வச் செய்தியின் மொழியாகவும் ஒலிக்க முடியும் என்பதை அவர் குரல் நாள்தோறும் மெய்ப்பித்தது. பல வழக்குகளுள் ஒன்றே 'சரியான' தெலுங்கு என்னும் எண்ணம் வலுப்பெறவும் அக்குரலே துணைநின்றது. முதலாவதைப் போற்றும் நினைவுரைகள் பல உள்ளன. இரண்டாவதை ஆராய்வது மொழியியலாளர் கடமை.