மெழுகுக் காகிதமும் மெமரி கார்டும்

கல்லூரி நாட்களில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நான் செல்போனில் எடுத்த படமெல்லாம் மெமரி கார்டோடு போயே போச்சு. நூற்றறுபது வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் காகிதத்தில் எடுத்தவையோ இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் படையில் கேப்டன். போட்டோ பிடிப்பது முதலில் அவருக்குப் பொழுதுபோக்குதான். 1854 டிசம்பரில் பேலூர், ஹளேபீடு கோயில்களை எடுத்து, 1855 மதராஸ் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். 1856-ல் அரசே அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டினார். நீளம் 19 அடி! 1859-ல் கவர்னர் ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரம் என்று வேலையை நிறுத்திவிட்டார். நல்லவேளை, எடுத்த படங்கள் தப்பின.

நம் ஏரி பல்லவர் காலத்தது. அதற்குத் தண்ணீர் தரும் பாலாறு அணைக்கட்டு எழுந்ததும் அதே 1850-களில்தான். ட்ரைப் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால், மணல் நிறைந்த பாலாற்றை நாம் இன்று படத்திலாவது பார்த்திருப்போம். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பு சொல்லவேண்டி வந்த ஆறு அது.

தம்பி தங்கைகளே, மதகையும் கலங்கலையும் சந்தையையும் நீங்களாவது எடுங்கள். பின்புறம் தேதியும் இடமும் எழுதி, பிரிண்ட் ஒன்றைக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். செல்போனை மட்டும் நம்பாதீர்கள். பட்டவன் சொல்றேன்!