உறையாத ஊரில் ஒரு ஃப்ரீஸ் பிளக்

அப்பா விட்டுப்போன அம்பாசடரின் அடியில் போன மாதம் துருநிறத்தில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. "பிளாக்குல ஃப்ரீஸ் பிளக் போயிருச்சு சார்" என்றார் மெக்கானிக் அண்ணன். சென்னையில் எதுங்க உறையுது? அந்தச் சந்தேகத்தோடுதான் தேட ஆரம்பித்தேன்.

விஷயம் வார்ப்படத்தில் இருக்கிறது. இன்ஜின் பிளாக்கை மணல் அச்சில் வார்க்கும்போது, சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வெற்றிடத்துக்காக உள்ளே மணலாலேயே ஓர் உருவம் வைப்பார்கள். அதுதான் கோர். அது அந்தரத்தில் நிற்காதே, பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரும்பு ஆறியதும் அந்த மணலை உதிர்த்து வெளியே எடுக்கவும் வழி வேண்டும். ஆக, பிளாக்கின் பக்கங்களில் துளைகள் மிஞ்சும். அவற்றை அடைப்பதுதான் கோர் பிளக். உறைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆரம்பத்தில் குழாய்க்குப் போடுவது போல மரையுள்ள அடைப்பான்களைப் போட்டார்கள். 1900களில் அமெரிக்காவின் மிச்சிகனில் கார் செய்த வெல்ச் சகோதரர்களின் சோதனை ஓட்டத்தில், அதிர்வில் அப்படி ஒன்று கழன்றுவிட்டதாம். சகோதரர்களில் ஒருவர் ஒரு நாணயத்தைத் துளையில் வைத்துச் சுத்தியலால் அடித்து வண்டியைக் கிளப்பினார் என்று சொல்வார்கள். கதை கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது, எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் வெல்ச் பிளக் வேலை செய்யும் விதம் அதேதான். லேசாகக் குவிந்த தகட்டை நடுவில் அடித்தால் தட்டையாகும், விட்டம் கூடும், துளைச்சுவரை இறுக்கிக்கொள்ளும். (பலர் இதை 'வெல்ஷ்' என்று எழுதி வேல்ஸ்காரர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்!) கிண்ண வடிவப் பிளக்குகள் பின்னால் பரவலாயின.

அப்புறம் ஏன் ஃப்ரீஸ்? தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். குளிர்நாடுகளில் அந்த அழுத்தத்தில் சில சமயம் பிளக் பிதுங்கி வெளியே விழும், பிளாக் தப்பிக்கும். பிளக் அசையாமல் பிளாக்கே வெடித்துப்போவதும் உண்டு. தற்செயலாக நடந்த அந்த உபகாரமே பெயராகிவிட்டது.

கூலன்ட்டுக்கும் இதே கதைதான். 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் அங்கே விற்பனைக்கு வந்தது ஆன்டிஃப்ரீஸாகத்தான். இன்றைய கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் உண்டு. எனக்கு அது உறைக்கவில்லை. 'நம்மூருக்கு ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு' என்று, அப்பா செய்தது போலவே, வருடக்கணக்கில் போர் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். பிளக்கை உள்ளிருந்து அரித்தது அதுதான்.

அண்ணன் தண்ணீரை வடித்துவிட்டு, பழைய பிளக்கின் ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினார். அது குறுக்காகத் திரும்பியதும் குறடால் பிடித்து இழுத்தார். முழுசாக உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடாம். பின்னாலேயே காபிப்பொடி மாதிரி துருச்சேறு கொட்டியது. துளையை எமரித்தாள் போட்டுத் தேய்த்து, சீலன்ட் தடவி, புதுப் பித்தளைப் பிளக்கை நேராக வைத்து அடித்து இறக்கினார்.

"மத்ததையும் மாத்திருவோம் சார், எல்லாம் ஒரே வயசுதானே."

மாற்றினோம். இப்போது பச்சைக் கூலன்ட் ஓடுகிறது. டப்பாவில் இன்னமும் 'ஆன்டிஃப்ரீஸ்' என்றுதான் பெரிசாகப் போட்டிருக்கிறது.