நெரத்வா நதியும் மோஸ்தர் பாலமும்: ஓர் ஊரின் நினைவு



போஸ்னியாவின் தென்பகுதியில், மலைகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஓடுகின்ற நதி நெரத்வா. அதன் இரு கரைகளிலும் அமைந்த ஊர் மோஸ்தர். அந்நாட்டு மொழியில் 'மோஸ்த்' என்றால் பாலம். 'மோஸ்தரி' என்றால் பாலக் காவலர்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காத்து நின்ற மனிதர்களின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று. அரசர் பெயராலும் வீரர் பெயராலும் வழங்கும் ஊர்கள் உலகில் பல. காவல் பணியாளரின் பெயரால் வழங்கும் ஊர்கள் அரியவை.

முன்பு அங்கே இருந்தது சங்கிலிகளில் தொங்கிய ஒரு மரப்பாலம். அது ஆடிய ஆட்டத்தில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே கடந்தனர் என்று உஸ்மானிய அறிஞர் காத்திப் செலபி எழுதியுள்ளார். உறுதியான கற்பாலம் வேண்டும் என்று ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், சுல்தான் சுலைமான் 1557ஆம் ஆண்டு அதற்கு ஆணையிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பெரும் கட்டடக் கலைஞர் மிமார் சினானின் மாணவரான மிமார் ஹைருத்தீன் அப்பணியை ஏற்றார். ஊரின் புகழ்பெற்ற கராகோஸ் பெய் பள்ளிவாசல் எழுந்ததும் அதே 1557இல்தான். தொழ ஓரிடம், கடக்க ஒரு வழி என இரண்டையும் ஒரே தலைமுறை தன் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றது.

1566இல் பாலம் நிறைவுற்றது. நடுவில் தூண் கிடையாது. ஏறக்குறைய 29 மீட்டர் அகலமுள்ள ஆற்றை ஒரே வளைவு தாண்டி நிற்கிறது. 'தெனெலியா' எனப்படும் உள்ளூர் வெண்கல்லைச் செதுக்கி அடுக்கி, இரும்புப் பிணைப்புகளால் இணைத்து, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கினர். சாரத்தைப் பிரிக்கும் நாளில் பாலம் விழுந்துவிடுமோ என்று அஞ்சிய ஹைருத்தீன் தமக்குத் தாமே கப்று தோண்டி வைத்தார் என்று ஊரார் கதை சொல்வர். கதை மெய்யோ பொய்யோ, அப்பணியை அம்மக்கள் எவ்வளவு வியந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

மத்ரஸாவில் அப்ஜத் கணக்கைக் கற்பிக்கும்போது நாம் மாணவர்களுக்குக் காட்டத்தக்க அழகிய எடுத்துக்காட்டு ஒன்று இப்பாலத்தில் உண்டு. இதன் காலத்தைக் குறிக்க 'குத்ரத் கமரி' என்ற சொற்றொடர் வழங்கியது. 'ஆற்றலின் வளைவு' என்பது அதன் பொருள். காஃப் 100, தால் 4, ரா 200, தா 400 எனக் கூட்ட, முதற்சொல் 704 ஆகும். காஃப் (சிறியது) 20, மீம் 40, ரா 200, யா 10 எனக் கூட்ட, இரண்டாம் சொல் 270 ஆகும். இரண்டும் சேர்ந்தால் 974. பாலம் நிறைவடைந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே.

1664இல் அவ்வழியே வந்த பயணி எவ்லியா செலபி, பாலத்தை வானவில்லுக்கு ஒப்பிட்டார். அதன் உச்சியிலிருந்து ஆற்றில் குதிக்கும் இளைஞர்களைப் பற்றியும் எழுதினார். கோடையிலும் உடலை நடுக்கும் குளிர்ந்த நீர். இருபது மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அப்படியிருந்தும் அவ்வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. ஆண்டுதோறும் அங்கே குதிக்கும் போட்டி நடக்கிறது. முஸ்லிம், கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் என எல்லா வீட்டாரும் அப்பாலத்தை உரிமையோடு 'ஸ்தாரி' என்றனர். 'கிழவர்' என்று நாம் அன்போடு சொல்வது போன்றது அது.

அவ்வூரின் கலைகளும் இந்தக் கலப்பிலேயே வளர்ந்தன. பாலத்தை ஒட்டிய தெருவின் பெயர் குயுஞ்சிலுக். பொற்கொல்லர் தெரு என்று பொருள். அங்கே செம்புத் தகடுகளில் பாலத்தின் வளைவை உளியால் பொறித்துத் தருவர். போஸ்னியாவின் பாட்டு மரபுக்குச் செவ்தலிங்கா என்று பெயர். துருக்கிய 'செவ்தா' என்றால் காதல். அது கருமையைக் குறிக்கும் 'சவ்தா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. காதலையும் துயரையும் ஒரே சொல்லில் வைத்த மரபு அது. அம்மரபில் மிகப் புகழ்பெற்றது 'எமினா' என்னும் பாடல். ஓர் இமாமின் மகளைப் பற்றிய அப்பாடலை இயற்றியவர் மோஸ்தரில் பிறந்த செர்பியக் கவிஞர் அலெக்சா ஷாந்திச். அதைப் பாடி ஊரெங்கும் பரப்பியவர் அதே ஊரில் பிறந்த முஸ்லிம் பாடகர் ஹிம்ஸோ பொலோவினா. ஒருவர் எழுதியதை மற்றவர் தம்முடையதாகவே பாடினார்.

இத்தகைய ஊரைத்தான் போர் பிளந்தது. 1992இல் தொடங்கிய குண்டுவீச்சில் ஊரின் மற்றப் பாலங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அவ்வாண்டே அவ்வூர்க் கட்டடக் கலைஞர்கள் சிதைவுகளைப் படம்பிடித்துத் தொகுத்து உலகிற்குக் காட்டினர். அத்தொகுப்புக்கு 'நகரக் கொலை' என்று பொருள்படும் சொல்லைப் பெயராக வைத்தனர். அடுத்த ஆண்டு, முன்பு ஓரணியில் நின்ற குரோவேஷியரும் போஸ்னிய முஸ்லிம்களும் ஒருவரோடொருவர் மோதினர். எஞ்சியிருந்த பழைய பாலத்தைக் காக்க மக்கள் டயர்களைக் கட்டித் தொங்கவிட்டனர்; மேலே தகரக் கூரை வேய்ந்தனர். 1993 நவம்பர் 9 அன்று காலை, குரோவேஷியப் படையின் பீரங்கி வீச்சில் பாலம் ஆற்றில் விழுந்தது. 427 ஆண்டுகள் நின்ற வளைவு அது. நெருங்கிய உறவினர் ஒருவர் மவ்த்தானது போல அவ்வூரார் அழுதனர்.

போர் முடிந்தபின் ஹங்கேரிய இராணுவத்தின் முக்குளிப்போர் ஆற்றின் அடியிலிருந்து கற்களை மேலே கொணர்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை மீண்டும் பயன்படும் நிலையில் இல்லை. ஆகவே அதே வகைக் கல்லை வெட்டி, அதே இரும்பு, ஈய முறையில் பாலத்தை மறுபடி கட்டினர். யுனெஸ்கோ, உலக வங்கி, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை முதலியவை துணை நின்றன. 2004 ஜூலை 23 அன்று பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது உலக மரபுச் சின்னமாயிற்று. கல்லின் பழமைக்காக அன்று, பல சமூகங்கள் கூடி வாழ்வதன் அடையாளமாக நிற்பதற்காகவே அத்தகுதி வழங்கப்பட்டது. போரில் சிதறிய தோட்டா உறைகள் இன்று அதே குயுஞ்சிலுக் தெருவில் பேனாக்களாக விற்கப்படுகின்றன.

இந்த இடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். கல்லால் ஆன பாலம் எழுந்துவிட்டது. மனிதர்களிடையே? போருக்குப் பின் கிழக்கே பெரும்பாலும் முஸ்லிம்களும் மேற்கே பெரும்பாலும் குரோவேஷியரும் என ஊர் இரண்டாகவே வாழ்கிறது. ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் பிள்ளைகள் இரு வேறு பாடத்திட்டங்களில் பயில்கின்றனர். அரசியல் இழுபறியால் 2008க்குப் பின் 2020 வரை பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடைபெறவில்லை. பாலத்தின் ஓரத்தில் 93ஐ மறவாதீர் என்று சொல்லும் கல் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மறக்கத்தான் கூடாது. ஆனால் 1993ஐ மட்டுமே நினைக்கும் தலைமுறை, அதற்கு முன்னிருந்த 427 ஆண்டுகளை இழந்துவிடும். ஷாந்திச் எழுதியதும் பொலோவினா பாடியதும் அந்த ஆண்டுகளின் விளைச்சலே.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அப்படியானால், ஆறு என்னும் இடையூறைத் தாண்டப் பாலம் அமைப்பது எத்துணை பெரிய நன்மை! மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியிருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்கு உணர்த்துகிறது. அறிந்துகொள்ள வேண்டுமானால் அக்கரைக்குச் செல்ல வேண்டும். ஹைருத்தீன் அமைத்தது அதற்கான வழி. நடந்து செல்வது ஒவ்வொரு தலைமுறையும் தானே செய்ய வேண்டிய அமல்.

நம் பிள்ளைகளுக்கு இஸ்லாமிய வரலாற்றைச் சொல்லும்போது போர்க்களங்களின் பெயர்களோடு இப்பாலத்தின் பெயரையும் சொல்லிக் கொடுப்போம். அதை யார் கட்டினார்கள், யார் இடித்தார்கள் என்பதோடு நின்றுவிடாமல், அதன்மேல் யார் யாரெல்லாம் சேர்ந்து நடந்தார்கள் என்பதையும் சொல்வோம். பிரிந்த உள்ளங்களை அல்லாஹ் இணைத்து வைப்பானாக. ஆமீன்.