சூளும் வசையும்: ஒரு சொற்பொருள் வரலாறு

ஆங்கிலத்தின் ‘ஸ்வேர்’ என்னும் வினை நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறுவதையும் தெருவில் கெட்ட வார்த்தை பேசுவதையும் ஒருங்கே குறிக்கும். இறைவன் பெயரால் வீண் ஆணையிடுதலே பழிச்சொல்லாகக் கருதப்பட்டமையால் நேர்ந்த பொருள் விரிவு இது. 1606இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, மேடையில் இறைப்பெயரை விளையாட்டாக வழங்குவோர்க்குப் பத்துப் பவுன் தண்டம் விதித்தது.

தமிழில் சூள், வஞ்சினம், ஆணை, சத்தியம் என்பன ஒருபுறமும் வசை, வசவு, ஏச்சு, திட்டு என்பன மறுபுறமும் நிற்கின்றன. சொல் வேறாதலின் உறவே இல்லை எனக் கொள்வது பொருந்தாது. உறவு வாக்கிய அமைப்பில் உள்ளது. புறநானூற்றின் 72ஆம் பாட்டில் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லேனாயின் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்றும், மாங்குடி மருதன் முதலிய புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக என்றும் வஞ்சினம் கூறுகிறான். புகழை நாடிய வேந்தனுக்கு இதனினும் பெரிய கேடு இல்லை. இங்கே நிபந்தனையும் வியங்கோளும் சேர்ந்து தன்மேல் ஏற்றிய சாபமாகின்றன. நிபந்தனையை நீக்கிச் சாபத்தைப் பிறர்மேல் திருப்பினால் ‘நாசமாய்ப் போக’ என்னும் வசவு கிடைக்கும். வாழ்த்தலையும் வைதலையும் ஒரே வியங்கோளில் அடக்கிய இலக்கண நூலார் இதை உணர்ந்தே இருந்தனர்.

அகப்பாடல்களில் சூள் தலைவனுடையது. அது பொய்த்தால் தெய்வம் அவனை ஒறுக்குமே என்னும் அச்சமோ தலைவிக்குரியது.

பிற்காலச் சட்டமும் இவ்வமைப்பை அறிந்திருந்தது. கங்கை நீரின்மீதும் குரான்மீதும் ஆணையிடக் கட்டாயப்படுத்துவது மனச்சான்றுக்கு ஒவ்வாதென்று 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அவற்றுக்கு ஈடாக உறுதிமொழியைக் கொணர்ந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டமோ, எதிர்த்தரப்பார் தம் சமூக வழக்கப்படி சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுவதாக ஒருவர் ஒப்ப இடமளித்தது. அவ்வாறு கூறிய சாட்சியம் ஒப்பியவரைப் பொறுத்தவரை முடிந்த சான்று. ஆனால் அச்சத்தியம் மூன்றாமவரைத் தாக்குவதாக இருத்தலாகாது. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியத்துக்கு ஆகவே அங்கே இடமில்லை. முடிந்த சான்று என்னும் ஏற்பாட்டைக் கைவிட்ட 1969ஆம் ஆண்டுச் சட்டமும் மூன்றாமவர் பற்றிய வரையறையை மட்டும் காத்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர்க்குச் சிக்கல் தருவது ‘சத்தியமாக’ என்பதே. மெய்ம்மையின் பெயரே ஆணையின் பெயராகி, இன்று பேச்சில் ‘உண்மையாகவே’ என்னும் அளவுக்கு மெலிந்துள்ளது. ஒவ்வோரிடத்தும் அதை ‘ஆணை’ எனப் பெயர்த்தால் இல்லாத தெய்வம் வந்து சேரும். கடவுளைச் சுட்டாது பதவியேற்போர் வழங்கும் ‘உளமார’ என்பதில் சாபமும் இல்லை, சாட்சியும் இல்லை, உள்ளத்தின் நிறைவே உண்டு. அதனைச் சிலர் ‘உளமாற’ என வல்லின றகரமிட்டு எழுதுகின்றனர்; அப்போது உறுதிமொழி உள்ளம் மாறுவதாகிவிடுகிறது.