எண்ணூர் ஆஸ்டினும் வண்டலூர் ஹெரால்டும்

எண்ணூர் என்றால் நமக்கு லாரிதான். ஆனால் 1948-இல் அங்கே அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது கார் பூட்டுவதற்கு. இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்த ஆஸ்டின் ஏ40, எண்ணூரில்தான் முழு உருவம் எடுத்தது. ஊரின் மறுகோடி வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் ஹெரால்ட் 1961-இல் வந்தது.

என் ஓட்டு ஆஸ்டினுக்கு. 1,200 சிசி, 40 குதிரைசக்தி, கனத்த உடம்பு, அவசரமில்லாத நடை. முன்சக்கரக் கிங்பின்னுக்கு லாரிக்கு அடிக்கிற மாதிரி கிரீஸ் அடித்தால் போதும். ஹெரால்ட் 948 சிசிதான், ஆனா லேசு. ராயபுரம் சந்துல கூட சட்டுனு திரும்பிடும். பானெட்டைத் தூக்கினால் வண்டியின் முன்பாதியே திறந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். சிக்கல் கீழே இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான். பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவந்தால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். பின்அச்சும் வம்புதான்: வளைவில் வேகம் எடுத்தால் சக்கரம் உள்பக்கம் ஒடுங்கும். 1970களில் கெசல் வந்தபோது கம்பெனியே அதைக் கைவிட்டு, ஒரே தண்டாக ஓடும் பழைய பாணி அச்சுக்குத் திரும்பியது.

இத்தனை வம்பு பிடித்த ஹெரால்ட் நிலைத்தது, சாதுவான ஆஸ்டின் போய்விட்டது. வண்டியின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்பவர்கள் இனி வேண்டாம் என்றது 1953 டாரிஃப் கமிஷன். எண்ணூர் ஆலை லேலண்ட் லாரிக்கு மாறியது. 1955-இல் பெயரும் அசோக் லேலண்ட். அப்புறம் எண்ணூர் ரோட்டில், வெறும் லாரி சேஸிஸில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு போகும் டிரைவர்கள்தான்.