விருந்தினர் இருக்கையும் ஆசிரியர் இருக்கையும்: பெங்களூரு இதழியலில் தலித்துகளின் இடம்

முன்னுரை

ஒரு சமூகத்தைப் பற்றிச் செய்தித்தாள் எழுதுவது வேறு. அச்சமூகத்தார் செய்தித்தாளின் ஆசிரியர் குழுவில் அமர்ந்து எழுதுவது வேறு. முன்னதில் அவர்கள் செய்திக்குரிய பொருளாக நிற்கின்றனர். பின்னதிலோ எது செய்தி என்பதைத் தீர்மானிப்போராகின்றனர். இவ்வேறுபாட்டைப் பெங்களூரையும் அதனை அடுத்த கோலார் தங்கவயலையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தங்கவயலில் 'தமிழன்'

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை வெளியிட்டார். மறு ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அரசியல் செய்தி, வரலாறு, சமயம், வாசகர் வினாக்களுக்கு விடை என அதன் பக்கங்கள் விரிந்தன. ஒடுக்கப்பட்டோரின் குறைகளை மட்டும் முறையிடும் ஏடாக அது அமையவில்லை. நாட்டு நடப்பு முழுமையையும் ஒடுக்கப்பட்டோர் நின்ற இடத்திலிருந்து நோக்கியதே அதன் தனித்தன்மை.

பண்டிதரின் பௌத்த சங்கம் பெங்களூரிலும் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் கிளை கொண்டிருந்தது. சுரங்கத் தொழிலுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் இதழுக்கு வாசகராகவும் புரவலராகவும் விளங்கினர். 1914இல் பண்டிதர் மறைந்தபின், சில காலமே நடந்து நின்றுபோன இதழை ஜி. அப்பாதுரையார் 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொணர்ந்தார். தாய்மொழி வழங்கும் மாநிலத்திற்கு வெளியே, சமூகத்தாலும் மொழியாலும் விளிம்பில் நின்றோர் தமக்கென ஆசிரியர் இருக்கை ஒன்றை அமைத்துக்கொண்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

பெங்களூரின் கன்னட, ஆங்கில இதழ்கள்

1973 நவம்பரில் கர்நாடக அமைச்சர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத் தீவனம் என்று கூறினார். அதனால் எழுந்த கிளர்ச்சியில் அவர் பதவியிழந்தார். தலித் மாணவர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். எழுத்துலகில் யாருக்கு இடம் என்னும் வினா அன்று வெளிப்படையாயிற்று. அக்கிளர்ச்சியின் தொடர்ச்சியாகவே தலித் சங்கர்ஷ சமிதி உருவெடுத்தது. 1981இல் வி.டி. ராஜசேகர் பெங்களூரில் 'தலித் வாய்ஸ்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகள் நடந்த அவ்விதழ் 2011இல் நின்றது.

இவையனைத்தும் பெருநாளிதழ்களுக்கு வெளியே நிகழ்ந்தவை. உள்ளே இருந்த நிலையை 1996இல் பி.என். உனியால் 'பயனியர்' இதழில் எழுதிய கட்டுரை காட்டிற்று. தில்லியில் அரசு ஏற்பு பெற்ற 686 செய்தியாளர் பட்டியலில் 454 பேர் உயர்சாதிப் பெயரொட்டுக் கொண்டிருந்தனர். எஞ்சியோருள் அவர் தொடர்பு கொண்ட 47 பேரில் ஒருவர்கூடத் தலித் இல்லை.

இப்பின்னணியில், 1948 முதல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'பிரஜாவாணி' நாளிதழ், 2012 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், எழுத்தாளர் தேவனூர் மகாதேவவைக் கௌரவ ஆசிரியராக்கிச் சிறப்பிதழ் வெளியிட்டது. 'குசுமபாலெ' புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். முதன்மை நாளிதழ் ஒன்றின் உள்ளடக்கத்தைத் தலித் பார்வை தீர்மானித்த அந்நாள் இந்திய இதழியலில் அரிய நிகழ்வாகும்.

முடிவுரை

எனினும் கௌரவ ஆசிரியர் விருந்தினரே. விருந்து முடிந்ததும் இருக்கை பழையவரிடம் திரும்புகிறது. 2019இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்டரி ஆகியன வெளியிட்ட ஆய்வில், கணக்கிடப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளுள் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை. ஆகவே சிறப்பிதழைக் கொண்டு மட்டும் ஓர் இதழின் பன்மையை அளத்தல் பொருந்தாது. சிறப்பிதழ் இல்லாத நாளின் பக்கங்களே உரிய அளவுகோல்.

தமிழாய்வுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தளித்த அயோத்திதாசர் சிந்தனைகள் சென்னைத் 'தமிழ'னைப் புதிய வாசகரிடம் சேர்த்தன. தங்கவயல் 'தமிழ'னும் அதே கவனத்தைப் பெறும்போதுதான், தமிழ் இதழியல் வரலாறு மாநில எல்லையில் நின்றுவிடாமல், சுரங்கத் தொழிலாளர் தாமே ஏடு நடத்திய மரபையும் தன்னுள் கொண்டதாகும்.